கண்ணை மூடினால் வேண்டாம்

கன்னத்தில் ஈ உட்கார்ந்திருப்பதைப் பச்சையப்பன் பார்த்தான், உணரவில்லை. அது பறந்து சுவருக்குப் போனதும் இரண்டானது.

மூளைத்தண்டில் வளர்ந்த புற்றுக்கட்டியை அறுத்த நாளிலிருந்து, திருப்பதி ஆஸ்பத்திரியின் இந்தக் கட்டிலில், தூரத்தில் இருப்பதெல்லாம் அவனுக்கு இரண்டு. கை கால் அசையவில்லை. குரல் இல்லை. இமை மட்டும் சொன்னபடி கேட்டது.

காலையில் டாக்டர், அவன் மனைவியின் தம்பி சிட்டிபாபுவிடம் சொன்னார்: “முழுசா எடுக்க முடியல. விழுங்குற நரம்பு போயிடுச்சு. வாயில ஒரு சொட்டுகூட விடாதீங்க. நுரையீரலுக்குத்தான் போகும். இருமக்கூட வராது.” பிறகு பச்சையப்பனிடம் குனிந்தார். “வேண்டாம்னா கண்ணை இறுக்கி மூடுங்க.”

கட்டிலில், வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று தெலுங்கில் ஓர் அட்டை மாட்டினார்கள்.

“அக்கா மலையில கீது மாமா. கோயில்ல போன வாங்கி வெச்சிக்கினாங்க போல. ஷிப்ட் முட்சிட்டு வந்து டாக்டர் சொன்னத அதாண்ட சொல்லிக்கிறேன். மொட்டையோட வரும், பயந்துடாத.” ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினான் சிட்டிபாபு.

மதியம், பக்கத்துக் கட்டிலின் ஆக்ஸிஜன் குடுவை ஓயாமல் கொப்பளித்துக்கொண்டிருக்க, நர்ஸின் செருப்புச் சத்தம் வராண்டாக் கோடிவரை தேய்ந்து அடங்க, பினாயில் நாற்றத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல ஊர்ந்து அவனிடம் வந்தது. நெய். ஏலக்காய். பச்சைக் கற்பூரம்.

வாசலில் இரண்டு மொட்டைத் தலைகள். சந்தனம் பூசியவை. சேர்ந்தே சிரித்தன.

“இன்னா மாமா அப்டி பாக்குற? உன் பொண்டாட்டிதான்.”

ரத்னம்மா அட்டையைப் புரட்டினாள். நகரியில் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள்; தெலுங்கு பேசுவாள், படிக்கத் தெரியாது. “உன் பேரு போட்டுக்கிறாங்களா?”

டம்ளரில் கரண்டி உரசியது.

“மூக்குல ட்யூப்ப வுட்டு வெறும் பாலா ஊத்துறாங்க. லட்டு கரைச்சிக்கிறேன். ரெண்டு வாய் துன்னு.”

கண்ணை இறுக்கி மூடினான்.

கரண்டி நின்றது.

“பெருமாளே! லட்டப் பாத்ததும் கண்ண மூடிக் கும்பிடுது பாரேன்.”

திறந்தான். மறுபடி மூடினான். இன்னும் இறுக்கி.

“கும்பிட்டுக்கோ மாமா. நல்லா கும்பிட்டுக்கோ.”

அவள் விரல் தாடையைத் திறந்தது. வராண்டாவில் செருப்புச் சத்தம். வந்தது. கடந்தது.

கண்ணைத் திறந்தான்.

இரண்டு ரத்னம்மாக்கள். இரண்டு கரண்டிகள். நெருங்கின. உதட்டருகே வந்ததும், ஒன்றாயின.

“கோவிந்தா” என்றாள்.

இனிப்பு நாக்கில் பரவியது. பின்னால் வழிந்தது. இருமல் வரவில்லை.

அவள் அடுத்த கரண்டியை மொண்டாள்.