மொட்டை போடும்வரை

"ஏன் அத்தை, இருக்கிறது ஒரே பேத்தி... அவளத் தூக்கக்கூட உங்களுக்குக் கசக்குதா? எனக்கு பஸ் வந்திரும் லா!"

விடிந்தும் விடியாமலும் லோஷினி ஆரம்பித்துவிட்டாள். எல்லை தாண்டிச் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகும் பஸ் தம்போய்க் குடியிருப்பின் முனையில் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது. புஷ்பவள்ளிக்கோ ஒரு மாதமாக முதுகில் தாங்க முடியாத வலி. சொன்னால் நடிப்பு என்பாள் மருமகள், சொல்லாவிட்டால் திமிர் என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அழுத குழந்தையை வாரித் தூக்கினாள்.

முதுகில் ஏதோ நொறுங்கியது! "ஐயோ... பாப்பாவப் பிடி!" என்று அலறியபடியே சரிந்தாள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"முதுகெலும்பு ரெண்டு இடத்துல நசுங்கியிருக்கு. ஒன்னு இன்னைக்கு. இன்னொன்னு பழசு... ஒரு மாசம் இருக்கும்."

லோஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதமா? இந்த வலியோடா துணி துவைத்தார், சோறாக்கினார்?

"மாதவிலக்கு நின்னுட்டா எலும்பு வேகமாத் தேயும்மா. பால், தயிர், நெத்திலின்னு சாப்பிட்டு, தினமும் நடந்து, எலும்பு டெஸ்ட்டும் எடுத்திருக்கணும். எதுவுமே செய்யலையா?"

கட்டிலருகே நின்ற புஷ்பவள்ளியின் கணவர் மணியத்துக்குப் பொறுக்கவில்லை.

"எங்க சாப்பிட்டா? ஆறு வருஷமாத் தொடலையே! மருமகளுக்கு ஒரு பிள்ளை தங்கணும், அந்தப் பிள்ளைக்கு மொட்டை போடுறவரைக்கும் பால், தயிர், கவிச்சி தொடமாட்டேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டா!"

லோஷினியின் பார்வை குழந்தையின் முடிமேல் விழுந்தது. மொட்டையைத் தள்ளிப்போட்டவளே அவள்தான்! முதல் வருடம் ஓவர்டைம், அடுத்த வருடம் பிறந்தநாள் போட்டோவுக்கு முடி வேண்டுமென்று...

"ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா... குத்திக்காட்டுற மாதிரி இருக்கும்மா."

சட்டென்று லோஷினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். கோபித்துக்கொண்டாளோ என்று புஷ்பவள்ளி பகல் முழுக்க வாசலையே பார்த்துக் கிடந்தாள்.

மாலையில் வந்தாள் லோஷினி. இடுப்பில் குழந்தை, அதன் மழமழவென்ற மொட்டைத் தலையில் ஈரச் சந்தனம்! கையில் ஒரு பிளாஸ்க்.

"குடிங்க அத்தை... வேண்டுதல் முடிஞ்சிருச்சு. என்னை மன்னிச்சிருங்க..." என்று கட்டிலோரம் விம்மினாள்.

"அழாதடி, என் ராசாத்தி..." அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, புஷ்பவள்ளி பாலை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

பாட்டியைக் கண்டதும் குழந்தை, தூக்கச் சொல்லி இரு கைகளையும் நீட்டியது. லோஷினி அதைக் கையில் கொடுக்கவில்லை. தானே தூக்கிப் பிடித்து, அந்தச் சந்தனத் தலையை அத்தையின் கன்னத்தோடு சேர்த்து வைத்தாள்.