பதினேழாவது புள்ளி

கருவி திடீரென அலறியது. உயரம் பொருந்தவில்லை என்று திரையில் சிவப்பு எழுத்து மின்னியது.

மிருணாளினி குனிந்து பார்த்தாள். மெல்பேர்னிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்து, வரைபடத்துக்காக இந்தக் கோதுமை வெளியின் மேடுபள்ளங்களை அளக்கத் தொடங்கி இரண்டு நாளாயிற்று. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அறுவடை முடிந்து கணுக்காலளவு நிற்கும் அரிதாள், காய்ந்த வைக்கோல் மணம், கம்பிவேலியில் சீழ்க்கையடிக்கும் காற்று, முந்நூறு மீற்றருக்கு அப்பால் அளவுகோலைப் பிடித்தபடி சக ஊழியர் கீர்த்தனன். அவ்வளவுதான்.

அவர் நிற்பது பதினேழாவது புள்ளி. மூன்று தடவை அளந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் நிலம் முன்னதைவிட நான்கு விரல் தாழ்ந்திருந்தது.

வோக்கி-டோக்கியை எடுத்தாள். "கீர்த்தனன் அண்ணா, கோல் சரிஞ்சிட்டுதோ?"

"இல்லையே, கோலின்ட மட்டக் குமிழ் நடுவிலதான் நிக்குது. மண்தான் கொஞ்சம் மெத்தெண்டு இருக்கு. உம்மட கருவிக்குத் தேத்தண்ணி விடாய் போல."

சிரித்தாள். "இருட்ட முதல் முடிக்கவேணும். நான் சொல்லும்வரைக்கும் அசையாதேங்கோ."

"ஓம், மேடம்!"

கருவி நிற்கும் முக்காலிதான் புதைகிறதோ? கருவியைத் திருப்பி, பின்னால் வெளியின் ஓரத்திலிருந்த தானியக் கிடங்கின் சிமெந்துத் தளத்தில் காலையில் அடித்த ஆணியைக் குறிபார்த்தாள். மயிரிழையும் பிசகவில்லை.

அப்படியானால் கருவி சொல்வது உண்மை.

காற்று நின்றது. வேலி வாயடைத்துப்போனது. எங்கிருந்தோ ஈர மண் வாசனை எழுந்தது. இங்கே மழை பெய்து மூன்று மாதம்.

அவசரமாகக் கருவியைத் திருப்பி அதன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். அரிதாள் கீர்த்தனனின் மார்பைத் தொட்டது. கைகள் அதற்குள் மறைந்திருந்தன. தலை குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருகில் கோல். நிமிர்ந்து நின்றது. யார் பிடித்தாலும் கோல் இலேசாக நடுங்கும்.

இது நடுங்கவில்லை.

கருவி மீண்டும் அலறியது. ஒரு மீற்றர் தாழ்வு.

"அண்ணா! கோலை விட்டிட்டு மேல ஏறுங்கோ! வாறன்!"

ஓடினாள். கையில் வோக்கி கரகரத்தது. மூச்சு. மண் உதிரும் சத்தம். பிறகு, யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, மிக மெதுவாக அவர் குரல்.

"கோலை நான் அப்பவே விட்டிட்டன், மிருணா. கீழ இருந்துதான் பிடிச்சிருக்கினம்."