கோடு போட்ட பை

அவளுக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். அவள் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் பின்னலைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நாம எல்லாரும் எங்கேருந்து வந்தோம்னு ஒரு புத்தகம் பண்ணப்போறோம்" என்றார் ஓவிய டீச்சர். "கடையில எதுவும் வாங்கக்கூடாது. வீட்ல தூக்கிப்போடுறதைக் கொண்டு வாங்க."

வகுப்பில் குப்பை குவிந்தது. பஸ் டிக்கெட், பிஸ்கட் உறை, கிழிந்த திரைச்சீலை. ஆளுக்கு ஒரு பக்கம். அட்டை போடுவது கத்திரியின் வேலை. குவியல்மேல் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட பெரிய ஜிப் பை ஒன்று கிடந்தது. பழசுதான், ஆனால் கெட்டி. ஒரு பக்கத்தைச் சரக்கென்று வெட்டி, ஓரத்தை நறுக்கி, புத்தகத்தோடு தைத்தும் விட்டாள்.

அப்போது புதுசு வந்தாள். இந்த வருஷம்தான் வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவள். அதனால் அந்தப் பெயர்.

"என் பை எங்க?"

"எந்தப் பை?" என்று கேட்டுக்கொண்டே கத்திரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"குப்பையை அதுல எடுத்துட்டு வந்தேன். பை குப்பை இல்லடி."

"குரங்கு கையில பூமாலை!" என்றான் பின்னால் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

"அந்த ஒரு பையிலதான் எங்க வீடே வந்துச்சு" என்றாள் புதுசு. "அம்மா அதைத் தலைமாட்டுல மடிச்சு வெச்சிருப்பாங்க. கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

"காலிப் பையைத் தலைமாட்டுலயா? எதுக்கு?" என்றாள் கத்திரி.

"மறுபடி கிளம்பச் சொன்னா, உடனே கிளம்பணும்ல."

கத்திரி புத்தக அட்டையைத் தடவிப் பார்த்தாள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே.

டீச்சரிடம் ஓடினாள். "அட்டையைப் பிரிச்சுடுறேன் டீச்சர்."

"நாளைக்குக் கண்காட்சிம்மா! அட்டைக்கு என்ன பண்ணுவ?"

"என் மஞ்சள் மழைக்கோட்டை வெட்டித் தைக்கிறேன்."

"மழை வந்தா?"

"நனையறேன்."

தையலைப் பிரித்தாள். புதுசு பையை இழுத்துப் பிடிக்க, கத்திரி வெட்டிய துண்டைப் பெரிய ஊசியால் திரும்பத் தைத்தாள். விரலெல்லாம் குத்திக்கொண்டாள். நறுக்கிப் போட்ட ஓரங்களை மட்டும் ஒட்ட வைக்க முடியவில்லை. பை சின்னதாகி, வாய் கோணிக்கொண்டது.

மாலையில் இருவரும் புதுசு வீட்டுக்குப் போனார்கள். ஒரே அறை. புதுசின் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான்தான் வெட்டிட்டேன். மன்னிச்சிருங்க."

அம்மா தையல்மேல் விரலை ஓட்டினார். போர்வை ஒன்றை எடுத்து உள்ளே திணித்துப் பார்த்தார். பாதி வெளியே நின்றது.

"முன்னெல்லாம் ரெண்டு போர்வை, பாத்திரம், இவ துணி எல்லாம் போகும்" என்றார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கத்திரிக்கு. தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி, புதுசின் பள்ளிச் சீருடை, ஜன்னலில் ஒரு செடி. பிறகு பையை எடுத்துப்போய் அடுப்புப் பக்கம் ஆணியில் மாட்டினார்.

"அம்மா, கிளம்பச் சொன்னா?" என்றாள் புதுசு.

"சொன்னா அப்பப் பாத்துக்கலாம். நீ அந்த வெங்காயத்தைக் கொண்டு வந்து இதுல கொட்டு."

புதுசு கொட்டினாள். தையல் விட்டுவிடுமோ என்று பயந்து, கத்திரி பையின் அடியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.