இறங்குவது எப்படி: பாகம் இரண்டு

பல் துலக்கி முடிப்பதற்குள் கடம்பன் வீணை கற்றுக்கொண்டான். வாய் கொப்பளிக்கையில் எரிமலை எப்படி வெடிக்கிறது என்பது தெரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டபோது ஓவியத்தில் நிழலை எந்தப் பக்கம் போடுவது என்பதையும் கற்று, மூன்றுக்கும் சான்றிதழ் பெற்று, இட்லிக்கு உட்கார்ந்தான். செவ்வாயில் செம்புலம் என்ற குடியேற்றத்தில் இது சாதாரணக் காலை. கொஞ்சம் மந்தமான காலை என்றுகூடச் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் அதே நேரத்தில் ஏழு முடித்திருந்தார்.

செம்புலத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. பிறந்த ஆறாம் மாதமே மேலிமையின் உட்புறத்தில் இமைத்திரை என்ற சவ்வைப் பொருத்திவிடுவார்கள். கண்ணை மூடினால் பாடம் ஓடும். பாடத்துக்குத் துளி என்று பெயர். ஒரு துளி முப்பது விநாடி. பிடிக்காவிட்டால், பிடித்திருந்தாலும்கூட, வலது கட்டைவிரலை மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினால் அடுத்த துளி வந்துவிடும். சுண்டாமல் பொறுத்திருந்தவனுக்கு முப்பத்தோராவது விநாடியில் சான்றிதழ்.

இந்த ஏற்பாட்டின் தந்தை துளிக்கல்வி இயக்குநர் முனைவர் வானவரம்பன். பூமியிலிருந்து கொண்டுவந்த நீண்ட பாடங்களையெல்லாம் கொத்தமல்லி நறுக்குவதுபோல் நறுக்கியவர் அவர்தான். நறுக்கிய ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஐந்து விநாடிக்குத் தானே தோன்றி, கைகூப்பி, “வணக்கம் செம்புலமே, நான் உங்கள் வானவரம்பன்” என்பார். ஊரில் சில குழந்தைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்பே வானவரம்பன் என்று சொல்லின. அதைக் கல்வி வளர்ச்சி என்ற தலைப்பில் அவர் ஆண்டறிக்கையில் சேர்த்திருந்தார்.

ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. எந்தப் பாடமானாலும் பாகம் ஒன்றைப் பார்த்தாலே சான்றிதழ் வந்துவிடும். அதற்கப்புறமும் உட்கார்ந்து பாகம் இரண்டைப் பார்ப்பவனுக்கு வேறு வேலை இல்லை என்று ஊர் முடிவு கட்டியது. கடம்பனின் மனைவி நப்பின்னை இசைத் துளிகள் தயாரிப்பவள். ராகத்தின் ஆரோகணத்தைப் பாகம் ஒன்றிலும் அவரோகணத்தைப் பாகம் இரண்டிலும் வைத்திருந்தாள். விளைவாக, செம்புலத்துப் பாடகர்கள் எல்லாரும் அழகாக மேலே போவார்கள். கீழே வருவதற்கு ஒருவருக்கும் தெரியாது. மேல் ஸட்ஜத்தைத் தொட்டதும் பாடகர் அங்கேயே நின்றுகொண்டு சபையைப் பார்ப்பார். சபை கைதட்டும். கச்சேரி முடிந்தது. ஆப்பிள் விழுந்தது என்ற செய்தியும் அங்கே எல்லாருக்கும் தெரியும், ஏன் விழுந்தது என்பது பாகம் இரண்டு. நடன ஆண்டுவிழாவில் அரைமண்டியில் அமர்ந்த பதினான்கு பேரை வீட்டிலிருந்து ஆள் வந்து நிமிர்த்திக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் எடுத்துச் சொல்ல நப்பின்னை ஒருமுறை இயக்குநரிடம் போனாள். இறங்குவதில் அக்கறை காட்டும் சமுதாயம் முன்னேறியதாக வரலாறு இல்லை என்று அவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கி அனுப்பினார்.

கடம்பன் சரக்கு ஓடம் ஓட்டுபவன். செவ்வாயைச் சுற்றும் கிடங்குக்குப் போய்ச் சாமான் எடுத்து வருவது அவன் வேலை. ஏறுவதை அவன் பார்த்துக்கொள்வான். இறங்குவதைத் தரையிலுள்ள கோபுரம் ஒன்று வழிகாட்டும் அலைக்கற்றை அனுப்பிப் பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவன் நாலைந்து துளி பார்த்துவிடுவான். அன்று பதினொரு மணிக்கு, ஓடம் பாதி தூரம் இறங்கியிருந்தபோது, கோபுரத்துக்குள் புழுதி புகுந்து கற்றை அணைந்தது. சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஓடத்தில் மறுபடி ஏறுவதற்கு எரிபொருள் போதாது. அந்தரத்தில் நிற்பதற்கு நாற்பத்தைந்து நிமிடத்துக்கு இருந்தது.

செய்தி கேட்டு நப்பின்னை கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். நெருக்கடி நேரங்களில் தானும் படம்பிடிக்கப்பட வேண்டும் என்பதால் இயக்குநர் அவளுக்கு முன்பே வந்திருந்தார். கையால்தான் இறக்க வேண்டும், அதற்குரிய சான்றிதழ் உங்களிடம் இருக்கிறதல்லவா என்று அவர் ஒலிவாங்கியில் கடம்பனைக் கேட்டார்.

“இருக்குங்க சார். முதல் பாகம் பாத்திருக்கேன். இறங்குறது ஏன் முக்கியம்னு அதுல ரொம்ப நல்லா சொல்லியிருந்தீங்க.”

 மிச்சப் பாகங்களைப் பார்த்தவர்கள் உண்டா என்று ஊர் முழுக்க அறிவிப்புப் போனது. செம்புலத்தில் இமைத்திரை பொருத்தியவர்கள் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஓடத்தைக் கையால் இறக்குவதற்கான சான்றிதழ் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் இருந்தது. இறங்குவது ஏன் முக்கியம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. பாகம் இரண்டில் தொடங்கி எண்பத்தைந்து வரை என்ன இருந்தது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. துளிகளைத் தேடிப் பார்த்தால் அவையும் இல்லை. ஓராண்டு யாரும் பார்க்காத துளியை இடத்தை அடைக்கிறதென்று அழித்துவிடுவது விதி.

அழிக்கும் பொறுப்பு பார்வையெண்ணி என்ற ரோபோவுடையது. அறை மூலையில் இரும்பு பீரோபோல நின்றுகொண்டிருக்கும். நப்பின்னை அதன்முன் போய் நின்று, வேறு யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அதைத் திட்டினாள். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமலா அழித்தாய் என்று கேட்டாள்.

“பார்க்காமல் அழிப்பது விதிமீறல், அம்மையீர்,” என்றது ரோபோ. “இதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நான் சான்று தர வேண்டும். அதற்காக முழுவதும் பார்த்தேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாவற்றையும். அழித்தது துளிக் கிடங்கில். என் நினைவில் அழிக்கும்படி யாரும் எழுதித் தரவில்லை.”

“அப்ப ஒருத்தர் பாத்த கணக்கு ஆச்சே. ஏன் அழிச்ச?”

“இயந்திரம் பார்த்தால் கணக்கில் சேராது, அம்மையீர்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை. முப்பத்தெட்டு நிமிடம் மிச்சமிருந்தது. பாகம் ஒன்றுதான் கடம்பனுக்குத் தெரியுமே, இரண்டிலிருந்து சொல் என்றாள். சொல்ல நாற்பத்திரண்டு நிமிடம் ஆகும் என்றது ரோபோ. சுருக்க முடியாதா என்றால், சுருக்கினால் அது மீண்டும் பாகம் ஒன்றாகிவிடும் என்றது. விட்டுவிடக்கூடிய ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். எண்பத்து நான்கு இடங்களில் ஐந்து ஐந்து விநாடி இருக்கிறது, இறங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் அதை நீக்க இயக்குநரின் கையொப்பம் வேண்டும் என்றது.

எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அது வெறும் வணக்கம் அல்ல, கற்பவனின் மனக்கதவைத் திறக்கும் சாவி என்று அவர் தொடங்கினார்.

“சார்,” என்றாள் நப்பின்னை. “மேல இருக்கறது என் வீட்டுக்காரர்.”

அவர் பேனாவை எடுத்தார். ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தார். இன்னொரு நிமிடமும் வைத்திருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கட்டும்மா,” என்றார், வேறு யாருக்கும் கேட்காத குரலில். “கடைசி பாகத்துல.”

பேரம் பேச அவளுக்கு நேரமில்லை. சரி என்றாள்.

ரோபோ சொல்லத் தொடங்கியது. இடக்கையில் நெம்புகோல், வலக்கையில் விசைப்பிடி, முதலில் மூக்கைச் சமன்செய்ய வேண்டும். கடம்பன் கெட்டிக்காரன்தான். ஒழுங்காகச் செய்தான், முப்பது விநாடிவரை. முப்பத்தோராவது விநாடியில் ஓடம் திடீரென்று முழ உயரம் எம்பியது. சமன்செய்தார்கள். இன்னொரு முப்பது விநாடி போனதும் மறுபடி எம்பியது. யாருக்கும் புரியவில்லை. மூன்றாம் தடவை எம்பியபோது நப்பின்னைக்குப் புரிந்தது.

“என்னங்க, உங்க கட்டைவிரல் என்ன பண்ணுது?”

கடம்பன் குனிந்து தன் விரலைப் பார்த்தான். பிறகு, “தெரியல பின்னை. அதுவா சுண்டுது,” என்றான்.

பிறந்ததிலிருந்து முப்பது விநாடிக்கு ஒருமுறை மேலே சுண்டிப் பழகிய விரல். அதன் கீழே இப்போது எரிபொருள் விசை இருந்தது. பாடம் கேட்கக் கேட்க, பாடத்திலிருந்து தப்பித்து மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. விரலை மடக்கி உள்ளங்கையோடு ஒட்டுநாடா சுற்றச் சொன்னாள். சுற்றினான். அதற்கப்புறம் ஓடம் எம்பவில்லை, ஆனால் அவன் கண் அலைந்தது. முப்பது விநாடிக்கொருமுறை அவள் “என்னங்க” என்றாள், அவன் “ம்” என்றான். இப்படியே பாகம் நாற்பது போனது, அறுபது போனது. ஒரே பொருளைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவதைச் செம்புலம் அதற்குமுன் கேட்டதில்லை. அறையில் இருந்தவர்களில் இருவர் மயங்கிச் சாய்ந்தார்கள். மற்றவர்களுக்கு வேறு மாதிரி ஏதோ நடந்தது. எழுபதாம் பாகத்தில் சொன்னது பன்னிரண்டாம் பாகத்தில் சொன்னதோடு போய்ச் சேர்ந்தது. அப்படிப் பாடங்கள் ஒன்றோடொன்று சேரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

எண்பத்து நான்காம் பாகம் முடிந்தபோது ஓடம் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் நின்றது. இன்னும் ஒரே ஒரு கட்டளை. எரிபொருள் காட்டும் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“வணக்கம் செம்புலமே,” என்றது ரோபோ, “நான் உங்கள்...”

அந்த இடத்தில் எரிபொருள் தீர்ந்தது. ஓடம் பொத்தென்று விழுந்தது. செவ்வாயில் எடை குறைவு என்பதால் ஒரு கால் மட்டும் வளைந்தது. கடைசிப் பாகத்துக்குத் தேவையே இருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கடம்பன், நாடா சுற்றிய கையோடு, உயிரோடு வந்தான். தன் வணக்கத்தோடு தரையிறங்கிய முதல் ஓடம் இது என்று இயக்குநர் அன்று மாலையே அறிக்கை விட்டார்.

ஆனால் அவரும் கொஞ்சம் ஆடித்தான் போயிருந்தார். ரோபோ சொன்ன முப்பத்தைந்து நிமிடத்தையும் நறுக்காமல், ஒரே பாடமாக வெளியிட ஒப்புக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் பலர் கண்ணீர் விட்டார்கள். இனி எதையும் பாதியில் விடமாட்டோம் என்று கைதூக்கி உறுதி எடுத்தார்கள். நப்பின்னை தன் அவரோகணங்களைத் தூசி தட்டி எடுத்தாள். முழுப் பாடத்தையும் ஒருவர் விடாமல் பார்க்க வேண்டும் என்று ஆணை போட்டது நிர்வாகம்.

ஒரு வாரம் கழித்துப் பார்வையெண்ணி கணக்குக் கொடுத்தது. பாடத்தைப் பிறகு பார்ப்பதற்காகச் சேமித்து வைத்திருப்பவர்கள், பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். இயக்குநர் மட்டும் இரண்டு தடவை சேமித்திருந்தார். நப்பின்னையும் அதில் உண்டு, தான்தான் நேரிலேயே கேட்டாயிற்றே என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பார்த்தவர்கள், பூஜ்ஜியம்.

வியாழக்கிழமை காலை கடம்பன் விண்ணுடையை மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் என்றது போய், கோபுரம் இப்போதுதான் ஏறக்குறைய சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள்.

“முழுசா பாத்துட்டீங்களா?” என்று கேட்டாள் நப்பின்னை.

“எதை?”

“உங்க உசுரைக் காப்பாத்துச்சே, அதை.”

அவன் ஒரு கணம் யோசித்தான். ஞாபகம் வந்ததும் அவன் முகத்தில், வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகப்பட்டவன் பையில் சாவியைத் தொட்டுப் பார்த்ததும் வருமே, அந்த நிம்மதி வந்தது.

“அன்னிக்கே சேமிச்சு வெச்சிட்டேன் பின்னை,” என்றான். “எங்கயும் போயிடாது.”