விளிம்பில் ஒரு நீலச் சாக்கட்டி

அந்தக் கூடத்துக்குள் நான் போனது பட்டப்பகலில். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது அந்தப் பில்லியர்ட்ஸ் கூடம். படியிறங்கும்போதே ஈரத் துணி வாடை மூக்கில் ஏறியது. வேறு எங்கும் மேசை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டி. அணித்தலைவன் என் அண்ணன்தான், ஆனாலும் தயவு தாட்சண்யம் கிடையாது. குறிபார்த்துப் பந்தைக் குழியில் தள்ளுவதில் நான் கெட்டிக்காரி. அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பது மட்டும் கடவுளுக்கே வெளிச்சம். அதை அடக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் என் இடம் வேறொருத்திக்கு என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அவமானம் பிடுங்கித் தின்றது.

கடைசி மேசையில் ஐந்து சிவப்புப் பந்துகள் வரிசையாக நின்றன. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு காகிதம். நான் செய்ய வந்த பயிற்சியேதான். ஒவ்வொரு சிவப்பாகக் குழியில் போட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளை அந்தக் காகிதத்தின் மேல் வந்து நிற்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஐந்தையும் திரும்ப அடுக்கி முதலிலிருந்து ஆட வேண்டும்.

மேசை விளிம்பில் ஒரு நீலச் சாக்கட்டி இருந்தது, கோல் நுனியில் தேய்ப்பது. அதை அப்படி வைத்துவிட்டுப் போனால் ஆட்டம் முடியவில்லை, ஆள் திரும்பி வருவான் என்று அர்த்தம். யாரும் தொட மாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அதன் மேல் அப்படித் தூசி படிந்திருந்தது. வருகிறவன் வந்து கிழித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடத்துக்காரர் படியருகிலேயே நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை.

“அத ஏம்மா எடுத்த? அது விடாக்கண்டனோடது.”

யார் அந்த மகராசன் என்று கேட்டேன்.

“அஞ்சாவது பந்துல தவறித் தவறி, திரும்பத் திரும்ப அடிச்சே இந்த மேசை மேல விழுந்து செத்தவன். சாக்கட்டி யார் கையில இருக்கோ, ஆட்டம் அவங்களோடது. முடிக்காம விட மாட்டான்.”

உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு சிவப்பும் வெண்ணெயில் கத்தி போல் இறங்கின. நான்கு முறையும் வெள்ளை காகிதத்தின் மேல். எனக்கே நம்ப முடியவில்லை. ஐந்தாவது அடிக்கும் வெள்ளை வந்து காகிதத்தில் நின்றது.

பிறகு, யாரும் தொடாமல், விரலளவு விலகியது.

மேசை சாய்வாக இருக்கும் என்று நினைத்துத் திரும்ப அடுக்கினேன். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை பிடரியில் மூச்சு பட்டது. சாக்கட்டித் தூள் வாடை அடிக்கிற, குளிர்ந்த மூச்சு. கோலுக்குத் தாங்கலாக மேசையில் ஊன்றியிருந்த என் இடக்கையை ஏதோ அழுத்தியது. தூக்கப் பார்த்தேன். வரவில்லை.

காதோரம் ஒரு குரல், பொறுமையே இல்லாத குரல்.

“மொதல்லேர்ந்து.”

எத்தனை முறை ஆடினேனோ தெரியாது. போனை எடுக்கவில்லை என்று தேடிக்கொண்டு அண்ணன் வந்தபோது என் நகக்கண்களில் ரத்தம் கசிந்தது. அழுதுகொண்டே அடித்துக்கொண்டிருந்தேன். அவன் பதறிப்போனான்.

“தள்ளு. நான் முடிக்கிறேன். வீட்டுக்குப் போலாம்.”

கோலையும் சாக்கட்டியையும் என் கையிலிருந்து பிடுங்கினான். அந்தக் கணமே என் இடக்கை விடுபட்டது. வேண்டாம் அண்ணா என்று கத்தினேன். அவன் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறான்?

நான்கு பந்தும் போயின. ஐந்தாவதும் போயிற்று. வெள்ளை காகிதத்தில் நின்றது.

விலகியது.

“மொதல்லேர்ந்து” என்றான் அண்ணன். அது அவன் குரலே இல்லை.

நானும் கூடத்துக்காரரும் அவனை இழுத்துக்கொண்டுதான் படியேறினோம்.

இப்போது அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தூக்கம் என்பதே இல்லை. இடக்கை விரல்கள் போர்வையில் ஊன்றியபடி விறைத்துக் கிடக்கின்றன. வலது முழங்கை முன்னும் பின்னும் போய் வருகிறது. எந்த ஊசிக்கும் அது நிற்கவில்லை. இப்படியே போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று மதியம் போனபோது கட்டிலின் பக்கக் கம்பிமேல் அது இருந்தது. நீலச் சாக்கட்டி. யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். நர்சுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. என் மேல் உள்ள கணக்கை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

“அவன விட்டுடுடா” என்றேன் மெதுவாக. “நான் முடிக்கிறேன்.”

எடுத்துக்கொண்டேன்.

அண்ணனின் முழங்கை நின்றது. விரல்கள் தளர்ந்தன. கண்கள் மெல்ல மூடின. சிறுபிள்ளை போலக் குறட்டை விட்டுத் தூங்கத் தொடங்கினான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். என் விரல்கள் ஏன் நீலமாக இருக்கின்றன என்று அவள் கேட்கவில்லை.

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தேன். நீண்ட நடைவழி, ஒரு ஈ காக்கை இல்லை. அதன் கோடியில் எதுவோ தரையில் உருளும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல் என் பின்னால் வந்தது. நான் திரும்பவில்லை.

குதிகாலைத் தொட்டு நின்றது.

பிறகு, விரலளவு விலகியது.