நாலு மணி ஓட்டு

இப்போதெல்லாம் ஒருவர் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்க ஆளில்லை. யார் தலையில் பழியைப் போடலாம் என்று தேடத்தான் ஆளிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர் யாராவது பக்கத்தில் அகப்பட்டுவிட்டால் தேடவும் வேண்டாம்.

மாலை 3.20. சட்டசபை உறுப்பினர் தன் வீட்டு அலுவலக அறையில் சோபாவில் கிடந்தார். உலுக்கினாலும் எழவில்லை. வாய் பிளந்து, கன்னம் ஒட்டி, பத்து வயது கூடிய முகம். மேஜையில் காலி டீ கோப்பை. அடியில் வெள்ளை மாவு. ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போனது.

நாலு மணிக்குச் சபையில் ஓட்டெடுப்பு. பிழைக்க வந்தவர்களுக்கு முறையான பதிவு கொடுத்து, அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்க்கும் மசோதா. "நம்ம வரிப்பணத்துல அவனுங்களுக்கு வைத்தியமா?" என்று மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்தியவர் இவர். டீ கொண்டுவந்தவளோ அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டு நர்ஸ். வழக்குப் பதிவானால் அவளை நாடு கடத்திவிடுவார்கள்.

வந்த இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். வீட்டுக் காப்பியையே மோந்து பார்த்துத்தான் குடிப்பார்.

"இவதான் சார். தூக்க மாத்திரை இவ பொறுப்புலதான் இருக்கு," என்றான் உதவியாளன். உறுப்பினரின் மனைவிக்குத் தம்பி.

"போட்டதைப் பாத்தியா?"

"பாக்கணுமா சார்?"

"பாக்காம சொல்ல ஜோசியர் போதுமே. நான் எதுக்கு?"

நர்ஸ் முன்னே வந்தாள். "மாத்திரை பெரியவர் தலைமாட்டுல இருக்கும் சார். யாரு வேணா எடுக்கலாம். சாரை ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். வேற எதையும் தொடல."

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரை இழுத்தார். சீப்பு, கண்ணாடி, ஒரு சின்ன டப்பா. டப்பாவில் தண்ணீர், தண்ணீரில் பல் செட்.

மனைவி வெடுக்கென்று மூடினாள். "தூங்கப்போற நேரம் தவிர எனக்கே காட்ட மாட்டார் சார். மானம் போகுது."

போன் அலறியது. மில் முதலாளி. "தலைவர் கிளம்பலையா? ஆதரிச்சுப் போடுறேன்னு வாக்குக் குடுத்தாரேய்யா! என் மில்லுல இருக்கிற வெளிநாட்டு ஆளுங்க வைத்தியச் செலவை இன்னும் எத்தனை நாள் நானே அழறது?"

எடுத்துக் கேட்ட 'சந்தேகம்' போனை வைத்தார்.

இரவு 7.00. மருத்துவமனை. சம ஓட்டு விழுந்து, சபாநாயகரும் எதிர்த்துப் போட, மசோதா தோற்றிருந்தது. உறுப்பினர் கண் விழித்துக் கிடந்தார். மனைவி, மச்சினன், காவலுக்கு நடுவே நர்ஸ்.

"யார் செஞ்சதுன்னு தெரிஞ்சதா?" பேச்சில் பாதி காற்று.

"தெரிஞ்சுது. நீங்கதான்."

"யோவ்!"

"தெரியாம மருந்து குடிச்சவன் உக்காந்த இடத்துல சாய்வான். பல்லைக் கழட்டித் தண்ணியில போட்டு, டிராயரை மூடிட்டுச் சாய மாட்டான். நீங்க இங்க வந்தப்பவே வாய் வெறும் வாயாம், டாக்டர் சொல்றார். தூக்கத்துல தொண்டையில சிக்கிடும்னு பயம். அப்ப தூக்கம் வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஊருக்கு எதிர்ப்பு, மில்லுக்கு ஆதரவு. சபைக்குப் போனா ஒரு பக்கம் செருப்படி. தூங்கிட்டா ரெண்டு பக்கமும் மாலை."

உறுப்பினர் சுவரைப் பார்த்தார். "ரெண்டு பேரும் கழுத்தைப் பிடிச்சா மனுஷன் என்ன பண்றது?"

"பிடிச்சது உங்க கழுத்தை. நீங்க அறுக்கப் பாத்தது இந்தப் பொண்ணோட கழுத்தை."

'சந்தேகம்' காவலரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் நர்ஸின் கையை விட்டார்.

"அம்மா, மன்னிச்சுக்கோ," உறுப்பினர் எழ முயன்றார். "அடுத்த கூட்டத்துல மசோதா வரட்டும். சத்தியமா ஆதரிச்சுப் போடுறேன்."

நர்ஸ் விடுபட்ட கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அதான் சத்தியம் பண்றாரே, நம்புங்க சார்," என்றான் மச்சினன்.

"உனக்கு அக்கா புருஷன், நீ நம்பு. எனக்கென்ன தலையெழுத்து? பொய் வழக்கு ஜோடிச்சதுக்கு நாளைக்கு அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு."

'சந்தேகம்' வெளியே நடந்தார். பின்னால் அந்தச் சத்தியம் இன்னொரு தடவை, முன்னைவிட உரக்கக் கேட்டது. அவர் நடையை எட்டிப் போட்டார்.