நாகேஸ்வரியின் எல்லைக்கட்டை

வட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடல்நீரேரிக் கரையில் சனம் காலாற நடக்க ஒரு பாதை போடுவதென்று தீர்மானமாயிற்று. சதுப்பில் கொஞ்சம் அரசாங்கக் காணி, கொஞ்சம் வைரவர் கோயில் காணி, மிச்சம் ஆட்களின் பங்கு. வெளியே விட்டால் கதை கட்டுவேன் என்ற பயத்தில் என்னையும் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

நில அளவையாளர் சுபாஸ்கரனோடு நான் போய் இறங்கியபோது கண்டல் மரங்களுக்குள் சேறு புளித்து மணத்தது. நாகேஸ்வரியின் வீட்டு வளவில்தான் வில்லங்கம். பக்கத்துக் காணி அவவின் தமையன் கனகசபாபதியுடையது. உயிரோடு இருந்த காலமெல்லாம் வேலியைத் தங்கச்சியின் பக்கம் தள்ளித் தள்ளி அடைத்தவர். அதிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. போன வருசம் அவர் செத்தார். பக்கத்து வளவுச் செத்தவீட்டுக்கு நாகேஸ்வரி போகவில்லை.

அந்த வேலியை எல்லையாக வைத்து அளந்தால், எல்லையை ஒட்டிப் போகிற பாதை அவவின் முற்றத்தை விழுங்கிவிடும்.

சுபாஸ்கரன் வேலியோரம் எல்லைக்கட்டை அடித்தான். மறுநாள் அது தமையனின் காணிக்குள் நின்றது.

“அக்கா, ராத்திரி நல்ல வேலை போல,” என்றான் நாகேஸ்வரியிடம்.

“உந்தக் கட்டையைப் பிடுங்க நான் என்ன பீமனே, தம்பி?”

திரும்பவும் பழைய இடத்தில் அடித்துவிட்டு, உச்சி வெயிலில் கண்டல் நிழலில் குந்தியிருந்தோம். காற்று நின்றது. கொக்குகள் சத்தமில்லாமல் எழும்பிப் போயின.

கட்டை ஆடியது.

கிட்ட ஒருவரும் இல்லை.

பல்லுப் பிடுங்குவதுபோல அது சேற்றிலிருந்து மெல்ல உருவி எழும்பியது. இடுப்பளவு உயரத்தில் நகர்ந்தது. கீழே சேற்றில் காலடிகள் விழுந்தன. ஒன்று நேராக, மற்றது இழுபட்டு.

கனகசபாபதி ஒரு காலை இழுத்து நடக்கிறவர்.

எல்லைக்கட்டையை அடுத்தவன் காணிக்குள் தள்ளுகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே நான் கிழவனானேன். தன் காணியைக் குறைத்து நடுகிற ஒருவரை அன்றுதான் கண்டேன். அவரும் செத்தவர்.

வெளியே வந்த நாகேஸ்வரி, இழுபட்ட அடியைக் கண்டதும் சேற்றிலேயே குந்திவிட்டா.

“காணும் அண்ணை,” என்றா மெதுவாக. “போதும், காணும்.”

கட்டை தமையனின் காணிக்குள் இறங்கி நின்றது. சுபாஸ்கரன் அளவை நாடாவைச் சுருட்டினான். “நாளைக்குக் கடைசி அளவை. கட்டை நிக்கிற இடம்தான் எல்லை.”

வளவு தப்பியது என்று நினைத்தேன். மறுநாள் போனால், அவ கட்டையைப் பிடுங்கி வந்து தன் முற்றத்தில் நட்டுக்கொண்டிருக்கிறா.

“பிள்ளை, உனக்கென்ன விசரே? முற்றம் போகப்போகுது,” என்றேன்.

“அவர் வைச்ச சரியான இடத்திலை அது நிண்டால், பிறகு அவருக்கு இஞ்சை வர என்ன வேலை இருக்கு?”

மத்தியானம் வரை மூவரும் பார்த்திருந்தோம்.

கட்டை அசையவில்லை.

அவவின் படலை தானாகத் திறந்தது. ஈர அடிகள், ஒன்று இழுபட்டு, முற்றம் கடந்து வீட்டுக்குள் போயின.

“நிக்கிற இடத்திலை அள, தம்பி,” என்றுவிட்டு அவவும் உள்ளே போனா.

பாதை இப்போது அந்த வீட்டு யன்னலை உரசிக்கொண்டு போகிறது. வெளியே வந்த அடியை ஒருவரும் காணவில்லை. நாகேஸ்வரி தனியாள். ஆனாலும் மத்தியானத்தில் நடக்கிறவர்களுக்கு, உள்ளே இரண்டு பேர் அடங்கிய குரலில் சண்டை பிடிப்பது கேட்கிறதாம்.